துவைக்காத துணி

பேக்யாங் மான் பண்ணை
1999, ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

சொல்மே எழுதுகிறேன். அப்பா நலம், நான் நலம், மான்களும் நலம். நீயும் அந்த வேறு நாட்டில், சியோலில் நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் நீ பண்ணை அலுவலகத்துக்குப் போன் செய்தபோது நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கோபம் என்று நினைத்துவிடாதே. என்னைச் சுற்றி எத்தனை பேர் நின்றார்கள் தெரியுமா? பண்ணைத் தலைவர் சே ஒரு பக்கம், ஒக்ஜா அத்தை ஒரு பக்கம். "பேசுடி, வாயைத் திறந்து பேசு, அங்க உங்கம்மாவுக்கு மீட்டர் ஓடுது" என்று அத்தை என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு உன் மூச்சுச் சத்தம் கேட்டது. பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. அதையே கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். எழுதினால் யாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். அதனால் இனி எழுதுகிறேன்.

நீ போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பெட்டை மான்களின் கொட்டிலுக்குப் போகத் தொடங்கிய எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். பள்ளிக்கூடத்தை விட்டதில் வருத்தமில்லை, அங்கே எழுந்து நின்று பேசச் சொல்வார்கள். இங்கே மான்கள் மிரளாமலிருக்கக் கதவைத் தட்டிவிட்டு நுழைந்தால் போதும். நீ சொல்லிவிட்டுப் போனபடி உன் நீலப் பஞ்சுக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு உள்ளே போகிறேன். இன்னும் துவைக்கவில்லை. நீ என்றால் மான்களுக்கு அந்தக் கோட்டும் அதன் வாசனையும்தானே. கை நீளமாக இருக்கிறது, மடித்துவிட்டிருக்கிறேன். ஒக்ஜா அத்தை பார்க்கும்போதெல்லாம், "உள்ள நீ இருக்கியாடி, இல்ல உங்கம்மா கோட்டு மட்டும் நடந்து வருதா?" என்று கேட்கிறாள்.

உன்னைப் போல "ஓ...யா" என்று குரல் கொடுக்க எனக்கு வரவில்லை. வாளியை அகப்பையால் தட்டுகிறேன். அதற்கும் வருகின்றன. நீ புட்டிப்பால் கொடுத்து வளர்த்த வெண்காதுதான் எப்போதும் முதலில் வருகிறாள். வந்து உன் கோட்டின் வலது பையில் மூக்கை நுழைக்கிறாள். நீ அதில் சோயா வைத்திருப்பாய் என்று அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. நானும் கொஞ்சம் போட்டு வைக்கிறேன். இப்போது சினையாக இருக்கிறாள்.

தொட்டித் தண்ணீர் ஊற்றிய கையோடு உறைகிறது. பெரிய அண்டாவில் சுடவைத்துத்தான் கொடுக்கிறேன். அப்பா வழக்கம்போல ஆண் மான்களின் பக்கம். இருப்பதிலேயே பெரிய ஆணுக்குத் 'தலைவர்' என்று பெயர் வைத்திருக்கிறார். "இந்தப் பண்ணையில ரெண்டு தலைவருங்க. கொம்பு இருக்கறவர் பரவாயில்ல" என்கிறார். இது சே தலைவருக்குத் தெரியாது.

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. அப்பா கேட்கச் சொன்னார்.

உன் மகள்
சொல்மே

*

சியோல்
1999, பிப்ரவரி 3

என் கண்ணு சொல்மேவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கடைச் சமையலறையின் பின்னால் முட்டைக்கோஸ் மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். கடைக்கார அக்கா வந்து பார்த்துவிட்டு, "வெங்காயமே உரிக்கல, அதுக்குள்ள கண்ணுல தண்ணியா?" என்றாள்.

நீ போனில் பேசாதது எனக்குக் கோபமில்லை. உன் மூச்சு எனக்கும் கேட்டது.

இங்கே நாள் முழுவதும் மாட்டெலும்பு சூப் கொதிக்கிறது. பாத்திரம் கழுவுவதிலிருந்து இப்போது அடுப்புக்கு வந்துவிட்டேன். ஒரு வேடிக்கை கேள். குளிர்பதன அறைக்குள் போகும்போது என்னையறியாமல் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன். மான் கொட்டிலில் பதினைந்து வருடப் பழக்கம், கை விடமாட்டேன் என்கிறது. "உள்ள யாரு இருக்காங்க, செத்த மாடா எழுந்து வந்து திறக்கப் போவுது?" என்று எல்லோரும் சிரிக்கிறார்கள்.

நம் ஊர்க்காரர் ஒருவர் இந்த மாதம் வரும் சந்திரப் புத்தாண்டுக்குத் திரும்பி வருகிறார். அவரிடம் உனக்கு ஒரு கோட்டு கொடுத்தனுப்புகிறேன். சிவப்பு நிறம். ஒரு துணிக்கடை வாசலில் போகும்போதும் வரும்போதும் பார்த்து வைத்திருந்தேன். பதினாறு வயதுப் பெண் அம்மாவின் பழங்கோட்டிலேயே திரியக் கூடாது. புத்தாண்டு அன்று புதுசு போட வேண்டும், மறக்காதே. போட்டுக்கொண்டு எப்படி இருந்தாய் என்று எழுது.

வருவதைப் பற்றி அப்பாவிடம் சொல்: விசா முடிந்தவள் வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாது. போனால் போனதுதான். அதனால் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் யோசிக்கிறேன்.

உன் அம்மா

*

பேக்யாங்
1999, பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

கோட்டு வந்தது. அளவு சரியாக இருக்கிறது. கை மடிக்க வேண்டாம். கழுத்தில் ரோமம் வைத்திருப்பது மிகவும் நன்றாக இருக்கிறது. புத்தாண்டுக்கு முந்தைய இரவு அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

அம்மா, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. புத்தாண்டுக் காலையில் அப்பாவுக்கு வணக்கம் செய்து, அரிசி அப்பச் சூப் குடித்துவிட்டு, அந்தக் கோட்டோடேயே கொட்டிலுக்குப் போய்விட்டேன். எல்லோரும் புதுசு போட்டிருந்தார்கள். எனக்கும் கழற்ற மனம் வரவில்லை. வெண்காது பார்க்கட்டும் என்றுகூட நினைத்தேன். கதவைத் தட்டினேன், வாளியையும் தட்டினேன். உள்ளே காலை வைத்ததும் முன்னால் நின்ற கிழட்டுப் பெட்டை ஒரு சீறல் சீறியது. அவ்வளவுதான். நிறமா, அந்தத் துணியின் சரசரப்பா, கடை வாசனையா, எதுவென்று தெரியவில்லை. முழு மந்தையும் ஒரே நேரத்தில் எதிர்ச் சுவரில் போய் மோதியது. தரை முழுக்க உறைபனி. நான் வாளியைப் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். நின்றது தப்பு, வெளியே ஓடியிருக்க வேண்டும். அப்பாதான் தன் நொண்டிக் காலோடு ஓடி வந்து என்னை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"ஏண்டி, கல்யாணப் பொண்ணு மாதிரி செக்கச்செவேல்னு போய் நின்னா அதுங்க உனக்கு மாலையா போடும்?" என்றார்.

மற்றவை எல்லாம் சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டன. வெண்காது மட்டும் எழுந்திருக்கவில்லை. பின்னங்கால் சறுக்கி இடுப்பு பிசகிவிட்டது. சே தலைவர், "அறுத்துடலாம், புத்தாண்டுக் கறியாவது ஆகும்" என்றார். அப்பா, "சினை மான், குட்டி போடட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லித் தடுத்துவிட்டார். அவளுக்குத் தனியாக ஒரு மூலையைத் தடுத்து, கருவாலி மரத்தின் காய்ந்த இலையை முழங்கால் உயரம் பரப்பியிருக்கிறேன். இரண்டு வேளையும் புரட்டிப் படுக்க வைக்கிறேன். உன் நீலக் கோட்டில்தான் போகிறேன். அந்தக் கோட்டைப் பார்த்ததும் காதை முன்னால் திருப்புகிறாள். அன்றைக்குச் சிவப்பில் வந்தது நான்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

சிவப்புக் கோட்டு மிகவும் அழகு. உன் மேல் தப்பில்லை.

சொல்மே

*

சியோல்
1999, மார்ச் 12

என் கண்ணு,

என் மேல்தான் தப்பு. போடு என்று சொன்னவள் எங்கே போடக் கூடாது என்று சொல்லவில்லை. அந்தக் கொட்டிலில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். நீயும் ஒரு குழந்தைதானே. புதுத் துணியைக் கண்டால் எந்தக் குழந்தைக்கும் நினைவு இருக்காது.

வெண்காதின் படுக்கையை ஈரமாக விடாதே. அடியில் வைக்கோல், மேலே இலை. சோயாவை ஊறவைத்து அரைத்துக் கொடு. அவளுக்கு என் குரல் வேண்டும், ஆனால் உனக்குத்தான் கூப்பிட வராதே. சும்மா முணுமுணுத்துப் பார். கத்த வேண்டியதில்லை.

இரவெல்லாம் யோசித்தேன், சொல்மே. இந்த இலையுதிர்கால அறுவடைப் பௌர்ணமிப் பண்டிகைக்கு வந்துவிடுகிறேன். இந்தத் தடவை யோசிக்கிறேன் என்று சொல்லவில்லை, வருகிறேன் என்று சொல்கிறேன். திரும்பி வர முடியாவிட்டால் போகட்டும். அப்பாவிடம் சொல். கிம்ச்சி ஜாடிகளைக் கழுவி வெயிலில் வைக்கச் சொல். இந்த வருடக் கிம்ச்சிக்கு முட்டைக்கோஸை நான்தான் உப்பிட்டு ஊறப்போடுவேன்.

உன் அம்மா

*

பேக்யாங்
1999, ஏப்ரல் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பொய் சொல்றாளா பாரு, எழுத்து நடுங்குதா?" என்று கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம். அன்று சாயங்காலமே ஜாடிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டார். இப்போது வைத்து என்ன பிரயோசனம் என்று கேட்டால், "காயட்டும்" என்கிறார்.

வெண்காது எழுந்துவிட்டாள்! நொண்டுகிறாள், அப்பாவும் அவளும் ஒரே மாதிரி நடக்கிறார்கள். நீ சொன்னபடி முணுமுணுத்துப் பார்த்தேன். மற்றவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவள் மட்டும் காதைத் திருப்பினாள்.

அம்மா, எனக்கு ஒரு கவலை. நீ வரும்போது சியோல் துணியில் வருவாய். உன் மேல் அந்த ஊர் வாசனை இருக்கும். உன் நீலக் கோட்டில் இப்போது என் வாசனையும் சேர்ந்துவிட்டது. நீ திடீரென்று உள்ளே போனால் புத்தாண்டு அன்று ஆனது மறுபடியும் ஆகிவிடும். உன்னைப் பார்த்து அவை மிரண்டு ஓடுவதை என்னால் பார்க்க முடியாது.

புது ஆள் வேலைக்கு வந்தால் அவர் துணியை வேலியில் கட்டித் தொங்கவிடுவாயே, மான்கள் பழகும்வரை, அதைத்தான் நினைத்தேன். நீ உடுத்திய துணி ஒன்றை எனக்கு அனுப்பு. குட்டிகளின் தடுப்பு வேலியில் கட்டி வைக்கிறேன். பௌர்ணமிக்குள் பழகிவிடும். நீ வந்து நேராக உள்ளே போகலாம்.

என் சிவப்புக் கோட்டை இப்போதே அந்த வேலியில் தொங்கவிட்டிருக்கிறேன். இப்போதைக்கு இரண்டு ஆள் தூரத்தில் நின்று பார்க்கின்றன.

சொல்மே

*

சியோல்
1999, ஏப்ரல் 24

என் கண்ணு,

நல்ல யோசனைக்காரி நீ. என் வெள்ளைச் சட்டை ஒன்றை அனுப்புகிறேன். நன்றாகத் துவைத்து, வெயில் இல்லாததால் அடுப்பருகே உலர்த்தி, இஸ்திரி போட்டு வைத்தேன். மகளுக்கு அழுக்குத் துணியா அனுப்புவேன்?

இந்த வாரம் விசா பரிசோதனைக்காரர்கள் பக்கத்துக் கடைக்கு வந்துவிட்டார்கள். நான் பின்வாசல் வழியாக ஓடி மாடியில் உட்கார்ந்திருந்தேன். பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. இதையெல்லாம் விட்டு எப்போது வருவேன் என்றிருக்கிறது.

உன் அம்மா

*

பேக்யாங்
1999, மே 11

அன்புள்ள அம்மாவுக்கு,

சட்டை வந்தது. அப்பா வயிறு வலிக்கச் சிரித்தார். "உங்கம்மாவ அனுப்புன்னா சோப்ப அனுப்பியிருக்கா" என்றார்.

அம்மா, துவைக்காத துணி வேண்டும். அழுக்காக இருந்தால்தான் நல்லது. நீ தினமும் உடுத்துவதை, வேர்வையோடு, அப்படியே பையில் போட்டு இறுகக் கட்டி அனுப்பு. வெட்கப்படாதே. நானும் மானும்தானே பார்க்கப்போகிறோம்.

குட்டி போடும் காலம் வந்துவிட்டது, நிறைய எழுத நேரமில்லை.

சொல்மே

*

சியோல்
1999, மே 30

சொல்மே,

அடுப்படியில் கட்டும் ஏப்ரனை அவிழ்த்த கையோடு பையில் போட்டுவிட்டேன். கடைக்கார அக்கா, "உங்க நாட்டுக்குப் போற பொட்டலத்துல கந்தலையா வைக்கிற, உனக்குக் கிறுக்கா?" என்றாள். மானுக்கு என்றேன். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வெண்காதுக்கு என்ன ஆயிற்று என்று எழுது.

அம்மா

*

பேக்யாங்
1999, ஜூன் 26

அன்புள்ள அம்மாவுக்கு,

வெண்காது பெட்டைக் குட்டி போட்டிருக்கிறாள். தானே நக்கி, தானே பால் கொடுத்தாள். என் வாசனை ஒட்டாமலிருக்க, நான் கையில் அவள் படுக்கைக் குப்பையைத் தேய்த்துக்கொண்டுதான் குட்டியைத் தொட்டேன், தொப்புளுக்கு மருந்து போட்டுவிட்டு உடனே விலகிவிட்டேன். சே தலைவர் வந்து எட்டிப் பார்த்து, "சரி சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். மருந்துக்குக் கொம்பு அறுக்கும் வேலையில் அப்பாவுக்கு நிமிர நேரமில்லை.

உன் ஏப்ரன் வந்தது. பையை யாரும் இல்லாதபோது, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். மானுக்கு வைக்கும் முன் நான் ஒருமுறை முகர்ந்து பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முகத்தை அதில் வைத்தேன், அம்மா. எலும்பு சூப், பூண்டு, கரிப்புகை, ஏதோ ஒரு கைச்சோப்பு. அடியில் வேர்வையும் இருந்தது. வெகு நேரம் வைத்திருந்தேன். யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் சொல்லாமல் யாராவது கொடுத்திருந்தால், ஒரு சமையல்காரம்மாவுடையது என்று சொல்லியிருப்பேன்.

நீ வந்ததும் சரியாகிவிடும்.

வேலியில் கட்டினேன். மான்கள் வாரம் முழுவதும் அந்தப் பக்கமே போகவில்லை. புகை வாசனை பிடிக்கவில்லை போல. தீவனத் தொட்டியைத் தினமும் ஓரடி ஏப்ரன் பக்கமாக நகர்த்தி வைக்கிறேன். பசி வந்தால் வந்துதானே ஆக வேண்டும். குட்டிகளுக்குப் பயமில்லை. அவற்றுக்கு இந்த உலகத்தில் எல்லாமே புதுசு, அதனால் உன் ஏப்ரனும் அவற்றுக்கு ஒரு செடி மாதிரிதான்.

உன் நீலக் கோட்டில் பஞ்சை உருவிவிட்டு வெயிலிலும் அதையே போடுகிறேன்.

சொல்மே

*

பேக்யாங்
1999, ஆகஸ்ட் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேலை அதிகம் என்று நினைக்கிறேன். இரண்டு நல்ல செய்திகள், அதனால் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

ஒன்று, தீவனத் தொட்டி இப்போது ஏப்ரனுக்கு நேர் கீழே இருக்கிறது. எல்லா மான்களும் வந்து தின்கின்றன. நேற்று வெண்காது ஏப்ரனில் கழுத்தைத் தேய்த்தாள். இனி நீ எந்த உடையில் வந்தாலும் பயமில்லை.

இன்னொன்று, வீட்டின் காகிதக் கதவுகளுக்கெல்லாம் புதுத் தாள் ஒட்டிவிட்டோம். அப்பா பசை காய்ச்சினார், நான் ஒட்டினேன். உன் அறைக் கதவில் ஒரு உலர்ந்த பூவை நடுவில் வைத்து ஒட்டியிருக்கிறேன், நீ செய்வாயே அதே மாதிரி. ஒக்ஜா அத்தை தினமும் கேட்கிறாள்: "எந்த ரயிலுடி, எந்த ரயிலு? நானும் ஸ்டேஷனுக்கு வரேன். சியோல்காரி மூக்கு எவ்ளோ உயரமாயிருக்குன்னு பாக்கணும்." எந்த நாள் என்று எழுது.

மாத முடிவில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். அது எனக்குப் பிடிக்காத வேலை, உனக்குத் தெரியும். நீ இருந்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பேன். இந்த வருடம் நானே செய்ய வேண்டும்.

சொல்மே

*

சியோல்
1999, செப்டம்பர் 4

என் கண்ணு சொல்மேவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கடைக்கார அக்கா அடுத்த தெருவில் இன்னொரு கடை திறக்கிறாள். அதை என்னை நம்பித்தான் திறக்கிறாளாம். "நீ போனா நான் திறக்கல" என்று சொல்லிவிட்டாள். அடுப்பு முழுக்க என் பொறுப்பு. இங்கே வந்து முதல்முறையாக ஒருவர் என்னை நம்பி ஒன்றைச் செய்கிறார். இப்போது வந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிடும். இன்னும் இரண்டு வருடம் மட்டும் பொறுத்துக்கொள். இரண்டே வருடம்.

அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. என்னால் அவருக்கு எழுத முடியவில்லை.

ஏப்ரனை முகர்ந்து பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு நானும் என் கையை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.

திட்டி எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா

*

பேக்யாங்
1999, அக்டோபர் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பா நலம், நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. ஆண் மான்கள் இரவும் பகலும் கத்திக்கொண்டிருக்கின்றன. தலைவர், கொம்புள்ளவர், வேலிக் கம்பத்தை முறித்துவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, அப்ப கிம்ச்சிக்கு உப்பு எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது" என்றார். ஒக்ஜா அத்தை வந்து சொல்லிக் கொடுத்தாள். அவள் இந்தத் தடவை ஒன்றும் கேலி செய்யவில்லை. பாதி ஜாடிகளில்தான் போட்டோம். மற்றவற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

பௌர்ணமிக்குச் சாப்பாடு செய்து முன்னோருக்குப் படைத்தோம். ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

குட்டிகளைப் பிரித்த நாட்களில் நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் குட்டிகள், அந்தப் பக்கம் தாய்கள். இரண்டு பக்கமும் கத்தின. குட்டிகளோடு வைக்கோலிலேயே உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் முதலில் ஓய்ந்தது. தாய்கள் தீவனத்துக்குத் திரும்பிவிட்டன. வெண்காதும்தான். குட்டிகள் அதற்குப் பிறகும் கொஞ்சம் கத்தின. நான் வாளியைத் தட்டினேன், வரவில்லை. யாரும் பக்கத்தில் இல்லாததால் வாயைத் திறந்து கூப்பிட்டுப் பார்த்தேன். உன்னுடைய "ஓ...யா" எனக்கு வரவில்லை, வேறு ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. ஆனால் வந்தன. வந்து என் முழங்காலில் மூக்கை வைத்தன. இப்போது அந்தச் சத்தத்துக்குத்தான் வருகின்றன.

திட்டி எழுதச் சொன்னாய். திட்ட ஒன்றுமில்லை. உன்னை நம்பி ஒருவர் கடை திறப்பது நல்லதுதான்.

குளிர் வந்துவிட்டதால் நீலக் கோட்டில் பஞ்சைத் திரும்ப வைக்கலாம் என்று எடுத்தேன். துணி நைந்து கையோடு வந்துவிட்டது. அதனால் துவைத்து, மடித்து, உன் பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் வேலியிலிருந்த சிவப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். கதவைத் தட்டினேன், கூப்பிட்டேன். கிழட்டுப் பெட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தின்ன ஆரம்பித்தது. வெண்காது நொண்டிக்கொண்டே வந்து வலது பையில் மூக்கை நுழைத்தாள். சோயா போட மறந்திருந்தேன். இப்போது போடுகிறேன்.

உன் ஏப்ரனை நான் கழற்றவில்லை. இன்னும் வேலியில்தான் இருக்கிறது. மழையில் நனைந்து நனைந்து புகையும் பூண்டும் போய்விட்டன. எல்லோரும் தேய்த்துத் தேய்த்து, இப்போது அதில் மான் வாசனை மட்டும்தான். அவை பயப்படாமல் நிற்பது அதனால்தான். உன் வாசனைக்குப் பழகிவிட்டன என்று நினைத்துவிடாதே.

ஆகவே நீ எப்போது வந்தாலும், நேராக உள்ளே போய்விடாதே. கதவைத் தட்டும் பழக்கம் உன் கைக்கு இன்னும் இருந்தால், வெளிக்கதவைத் தட்டிவிட்டு அங்கேயே நில். நான் வந்து திறக்கிறேன். நான் முன்னால் போகிறேன், நீ என் பின்னால் வா.

உன் மகள்
சொல்மே